மாரிக்கு முன் பிளாஸ்டிக் யன்னலுக்கு ஒரு காலை வேலை

கறையான் தின்னாது, பெயின்ற் அடிக்கத் தேவையில்லை என்று சொல்லித்தான் யூபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் யன்னலை விற்கிறார்கள். இரண்டும் உண்மை. முதிரை யன்னலே நல்லது என்று நின்ற என் மாமியும் கறையான் கதையைக் கேட்டுத்தான் இறங்கி வந்தார். ஆனால் 'ஒரு வேலையும் செய்யத் தேவையில்லை' என்பதை நாங்களாகவே சேர்த்துக்கொண்டோம்.

வீடு குடிபூர்ந்த முதல் கார்த்திகையிலேயே கட்டிலடி யன்னலின் கீழ்ச்சட்டத்தால் தண்ணீர் வழிந்து மெத்தை ஊறிப்போனது. கண்ணாடி ஓரம்தான் ஒழுகுகிறது என்று நானே தீர்மானித்து, வெளியே கண்ணில் பட்ட நீக்கல், ஓட்டை எல்லாவற்றையும் சிலிக்கன் வைத்து அடைத்தேன். அடுத்த மழைக்கு நிலைமை இன்னும் மோசம். நான் அடைத்தவற்றில் இரண்டு, தண்ணீர் வெளியேறுவதற்கென்றே விட்ட துளைகள்!

இழுக்கிற யன்னலின் அடியில் நீளமாக ஒரு தவாளிப்பு இருக்கும். காற்றோடு அடிக்கிற மழை அதற்குள் விழத்தான் செய்யும்; அது பழுது அல்ல. விழுந்த தண்ணீர் வெளிப்பக்கத்து நீள்துளைகளால் போய்விட வேண்டும். துளை அடைபட்டால் தவாளிப்பு தொட்டி மாதிரி நிரம்பி வீட்டுக்குள் வழியும். சட்டத்துக்குள் பலத்துக்கு வைத்த இரும்பில் தண்ணீர் பட்டால் அதுவும் கறள் பிடிக்கும்.

வன்னியில் இதற்குத் தோதான மாதம் புரட்டாசி. வைகாசியிலிருந்து சோளகம் அள்ளி வந்த செம்மண் புழுதி முழுக்க அந்த மாதத்துக்குள் தவாளிப்பில் படிந்திருக்கும். ஐப்பசியில் மழை வந்தால் அது சேறு.

தேவையானவை: இரண்டு வாளி, பாத்திரம் கழுவும் திரவம், பழைய பருத்திச் சாரத் துண்டுகள், இரண்டு இஞ்சிப் பெயின்ற் பிரஷ், பழைய ரூத் பிரஷ், நாலைந்து ஈர்க்கு, ஒரு பேணி.

முதலில் புழுதி. ஈரத்துணியோடு தொடங்க வேண்டாம். மணலைத் தேய்த்துக் கீறல் போட்டதாகத்தான் முடியும். யன்னலை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, காய்ந்த பெயின்ற் பிரஷால் தவாளிப்பை மூலைவரை கூட்டி அள்ளுங்கள். பல்லி முட்டை, ஈசல் இறகு எல்லாம் வரும். பிறகு மறுபக்கம். நுளம்பு வலையைக் கழற்ற முடிந்தால் கழற்றி, தரையில் படுக்கவைத்துக் கழுவிக் காயவிடுங்கள்.

அடுத்தது துளைகள். இந்த வேலையை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். வெளியே போய்க் குனிந்து கீழ்ச்சட்டத்தைப் பாருங்கள். சில யன்னல்களில் துளைக்குச் சிறிய பிளாஸ்டிக் மூடி இருக்கும். குளவிகளுக்கு இந்தத் துளை அளவெடுத்துச் செய்த மாதிரி. மண்ணால் பூசி அடைத்துவிடும். பார்த்தால் மேசன் சிந்திய சீமெந்து என்று நினைப்பீர்கள். குளவி இல்லாத நேரம் பார்த்து ஈர்க்கால் நோண்டி எடுங்கள். உள்துளையும் வெளித்துளையும் பெரும்பாலும் நேருக்கு நேர் இராது, அதனால் கம்பியை விட்டுக் குத்திப் பயனில்லை. இப்போது ஒரு பேணி தண்ணீரைத் தவாளிப்பில் மெதுவாக ஊற்றுங்கள். வெளியே முதலில் தேத்தண்ணி நிறத்தில் சொட்டும், பிறகு சேறாக ஒரு கட்டி, அதற்குப் பிறகு தெளிந்த ஓட்டம். தெளியும்வரை ஊற்ற வேண்டும்.

கழுவுவது சுலபம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் சில துளி திரவம், மென்மையான துணி, மேலிருந்து கீழாக. இரண்டாவது வாளி நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். காலையில் செய்வது நல்லது. உச்சி வெயிலில் சவர்க்காரம் காய்ந்து கோடு விழும். தின்னர், பெற்றோல், உமிச் சாம்பல், பொச்சு, இரும்புத் தும்பு எதுவும் வேண்டாம். சட்டத்தின் பளபளப்பு போனால் போனதுதான்.

கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிற கிணற்றுத் தண்ணீர் என்றால் கண்ணாடியிலும் அந்த வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்து, ஐந்து நிமிடம் கண்ணாடியில் ஒட்டி வைத்துக் கழுவுங்கள். பூஞ்சைக்கு அடிக்கிற பிளீச்சோடு வினாகிரியைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

அப்புறம் யன்னல் ஓடுகிற சில்லுகள். மாமி வீட்டில் எந்தக் கிரீச் சத்தத்துக்கும் தேங்காயெண்ணெய்தான் மருந்து. யன்னலுக்கு அது சரிவராது. புழுதியைப் பிடித்து ஒரு மாதத்தில் கறுப்புப் பசையாகிவிடும். ஹார்ட்வெயாரில் கிடைக்கும் சிலிக்கன் ஸ்பிரேயைச் சில்லிலும் றப்பர் ஓரத்திலும் மெல்லிதாக அடித்துத் துடைத்தால் போதும். மத்தியானம் யன்னல் இறுகுகிறது என்று உடனே திருகாணியில் கை வைக்காதீர்கள். ஒன்றரை மீற்றர் சட்டம் 30 பாகை சூடேறினால் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளும். அடுத்த நாள் காலையில் இழுத்துப் பாருங்கள். அப்போதும் இறுகினால், யன்னல் கதவின் கீழ் ஓரத்துத் திருகாணியை அரைச் சுற்றாகத் திருப்பி உயரத்தைச் சரிசெய்யலாம்.

அடைக்கிற சிலிக்கனுக்கு உரிய இடம் சுவரும் சட்டமும் சந்திக்கிற வெளி ஓரம் மட்டும். அங்கே வெடித்திருந்தால் பழையதைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டுப் புதிது வையுங்கள். நான் அடைத்த இரண்டு துளைகளையும் பிளேட்டால் வெட்டித் திறக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. ஒன்றுக்குள், என் சிலிக்கனுக்குப் பின்னால், குளவிக்கூடு உடையாமல் அப்படியே இருந்தது.