‘உயிரே’ பாட்டின் கோட்டையில் கேமரா நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

படத்தில் பார்த்த இடத்தைத் தேடிப் போகிறவர்கள், அங்கே போய் நின்றதும் “இதுவா அது?” என்று முகம் சுருங்கித் திரும்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் வந்த ஊர் சரியாகத்தான் இருக்கும். நின்ற புள்ளிதான் தவறாக இருக்கும். திரையில் நமக்குக் கிடைப்பது, ஒரு குறிப்பிட்ட புள்ளியில், குறிப்பிட்ட உயரத்தில், குறிப்பிட்ட வேளையில் வைக்கப்பட்ட கேமராவின் பார்வை மட்டுமே. ஆகவே ஊரைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அந்தக் கேமரா நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது மீதி வேலை. இதை முதன்முறை செய்ய விரும்புகிறவர்களுக்காக, 1995இல் வெளிவந்த ‘பம்பாய்’ படத்தை எடுத்துக்காட்டாக வைத்து முறையை விளக்குகிறேன். மணிரத்னம் இயக்கி, ராஜீவ் மேனன் ஒளிப்பதிவு செய்த அந்தப் படத்தின் ‘உயிரே’ பாட்டு, கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்திலுள்ள பேக்கல் கோட்டையில் எடுக்கப்பட்டது.

முதல் படி: ஃபிரேம்களைத் தேர்ந்தெடுத்தல்

பாட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஐந்தாறு ஸ்கிரீன்ஷாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நடிகர்களின் முகம் நெருக்கமாகத் தெரியும் ஃபிரேம்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்குப் பயன்படாது. முப்பது ஆண்டுகளில் மாறாதது எதுவோ அது தெரிய வேண்டும்: கோட்டைச் சுவரின் வளைவு, கொத்தளத்தின் விளிம்பு, துப்பாக்கித் துளைகளின் வரிசை, கடலும் வானமும் சேரும் கோடு. மரங்களை மட்டும் நம்பவே கூடாது. முதல் பயணத்தில் நான் ஒரு மரத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு, தவறான கொத்தளத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றேன். புல்வெளி, நடைபாதை, கைப்பிடிக் கம்பி, அறிவிப்புப் பலகை ஆகியவையும் பிற்காலத்தில் வந்தவையாக இருக்கலாம்.

இரண்டாம் படி: இடத்தை உறுதிசெய்தல்

எந்த ஊர் என்று தெரியாத படமாக இருந்தால், தொடக்கத்திலோ இறுதியிலோ வரும் ‘நன்றி’ அட்டையை நிறுத்திப் படியுங்கள். அரண்மனை உரிமையாளர்கள், ஊராட்சிகள், கோயில் நிர்வாகங்கள், வனத்துறை என இடம் கொடுத்தவர்களின் பெயர்கள் அங்கே வரிசையாக இருக்கும். திரையரங்கில் யாரும் படிக்காத அந்த அட்டைதான் நமக்கு முகவரிப் புத்தகம். அதன் பிறகு கூகுள் மேப்ஸின் செயற்கைக்கோள் படத்தில் கட்டடத்தின் உருவத்தை ஒப்பிடுங்கள். பேக்கல் கோட்டையை மேலிருந்து பார்த்தால், கடலை நோக்கித் துருத்தி நிற்கும் கொத்தளம் தெளிவாகத் தெரியும்.

கதை நடக்கும் ஊரும் படம் எடுத்த ஊரும் வேறுவேறு என்பதை இந்தக் கட்டத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ‘பம்பாய்’ கதையின் முற்பகுதி திருநெல்வேலிச் சீமைக் கிராமத்தில் நடக்கிறது. ஆனால் நாயகன் ஓடி வந்து நிற்கும் கோட்டை கேரளத்தில் இருக்கிறது. ‘கண்ணாளனே’ பாட்டோ மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் எடுக்கப்பட்டது. கதையை நம்பி நெல்லைக் கடற்கரையில் கோட்டையைத் தேடினால் கிடைக்காது.

சில நேரங்களில் இடமே இருக்காது. 2024இல் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தைப் பார்த்துவிட்டுக் கொடைக்கானலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் பார்க்க விரும்பிய குகையின் உட்பகுதி, கேரளத்தின் பெரும்பாவூரில் போடப்பட்ட செட். 1991இல் வந்த ‘குணா’ படத்தால் பெயர் பெற்ற உண்மையான குகையைக் கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். அந்தத் தடுப்பைத் தாண்ட முயல வேண்டாம். 2006இல் ஓர் இளைஞர் உள்ளே விழுந்ததால்தானே ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படமே பிறந்தது! கொடைக்கானலுக்கு வண்டியில் போவதாக இருந்தால் இ-பாஸ் விதிகளையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு அது.

மூன்றாம் படி: பருவத்தையும் வேளையையும் பொருத்துதல்

‘உயிரே’ பாட்டின் உயிரே மழைதான். கருத்த வானமும் கொந்தளிக்கும் கடலும் நனைந்த கல்லும் வேண்டுமானால், கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன், ஜூலை மாதங்களில் போக வேண்டும். ஜனவரியில் போகிறவருக்கு நீலக் கடலும் காய்ந்த புல்லும் கிடைக்கும். அழகுதான், ஆனால் அது வேறு பாட்டு. மழைக்காலத்தில் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: கோட்டை முழுவதும் வெட்டுக்கல்லால் ஆனது, அதில் பாசி பிடித்தால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் தேய்ந்த செருப்போடு கொத்தளத்தில் ஏறாதீர்கள்.

மழை இல்லாத நாளில் வேளைக் கணக்கு எளிது. கோட்டையின் மேற்கே கடல். காலையில் கடலைப் பார்த்து நின்றால் வெயில் முதுகில் விழும். கல்லின் சிவப்பும் கடலின் நிறமும் துலங்கும். மாலையில் சூரியன் எதிரே இருப்பதால் மனிதர்கள் நிழலுருவாகத் தெரிவார்கள். உங்கள் ஃபிரேமில் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார்த்தே நேரத்தை முடிவு செய்யலாம்.

நான்காம் படி: போய்ச் சேருதல்

சென்னையிலிருந்து மங்களூரு மெயிலிலோ வெஸ்ட் கோஸ்ட் எக்ஸ்பிரஸிலோ ஏறி காஞ்ஞங்காட்டில் இறங்கினால், அங்கிருந்து கோட்டை ஏறத்தாழ 12 கிலோமீட்டர்; பேருந்தும் ஆட்டோவும் கிடைக்கும். பேக்கல் கோட்டை என்ற பெயரிலேயே ஒரு சிறு ரயில் நிலையமும் உண்டு. ஆனால் பெரும்பாலான விரைவு ரயில்கள் அங்கே நிற்பதில்லை. கோட்டை, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கைபேசியில் படம் எடுப்பதற்குத் தடை இல்லை. முக்காலிக்கும் டிரோனுக்கும் முன்அனுமதி வேண்டும். 17ஆம் நூற்றாண்டில், இன்றைய கர்நாடகத்திலுள்ள கேளடியின் நாயக்க மன்னரான சிவப்ப நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டை இது. பின்னர் ஹைதர் அலி, திப்பு சுல்தான் கைகளுக்கும் போனது. இந்த வட்டாரம் 1956 வரை சென்னை மாநிலத்தின் தென் கன்னட மாவட்டத்தில் இருந்தது.

ஐந்தாம் படி: கேமரா நின்ற புள்ளியைக் கண்டுபிடித்தல்

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது, பொறுமையாகச் செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை ஒரு கைபேசியிலோ அச்சிட்ட தாளிலோ வைத்துக்கொண்டு, இன்னொரு கைபேசியின் கேமராவைத் திறந்துகொள்ளுங்கள்.

முதலில் உயரம். ஃபிரேமில் கடலின் தொடுவானக் கோடு, சமதளத்தில் நிற்கும் நடிகரின் உடலில் எந்த இடத்தை வெட்டிச் செல்கிறது என்று பாருங்கள். இடுப்பை வெட்டினால் கேமரா இடுப்பு உயரத்தில் இருந்திருக்கிறது; தலைக்கு மேலே போனால் கேமரா அவருடைய தலையைவிட உயரமான இடத்தில் இருந்திருக்கிறது. கோடு எந்த உயரத்தைத் தொடுகிறதோ அதுவே கேமராவின் உயரம். கீழே நிற்க வேண்டுமா, சுவரின் மேல் ஏற வேண்டுமா, குந்தி உட்கார வேண்டுமா என்பதை இந்த ஒரு கோடே சொல்லிவிடும்.

அடுத்து இடம் வலம். அருகில் இருக்கும் ஒரு விளிம்பையும் தொலைவில் இருக்கும் ஒரு விளிம்பையும் தேர்ந்துகொள்ளுங்கள். உதாரணமாக, முன்னால் உள்ள சுவரின் முனையும் அதற்குப் பின்னால் உள்ள கொத்தளத்தின் ஓரமும். ஃபிரேமில் முன்னது பின்னதை எவ்வளவு மறைக்கிறதோ, அதே அளவு மறைக்கும்வரை பக்கவாட்டில் நகருங்கள். ஓரடி நகர்ந்தாலே பின்னால் இருப்பது எட்டிப் பார்ப்பதும் ஒளிவதுமாக இருக்கும். நீங்கள் சரியான திசையில் நகர்கிறீர்களா என்பது உடனே தெரிந்துவிடும்.

பிறகு முன்னும் பின்னும். அருகிலுள்ள பொருளும் தொலைவிலுள்ள பொருளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பெரிதாகத் தெரிகின்றன என்பதை ஒப்பிடுங்கள். ஃபிரேமில் பின்னணிக் கோட்டை பெரிதாக எழுந்து நிற்க, உங்கள் கைபேசியில் அது சுருங்கித் தெரிந்தால், ஒளிப்பதிவாளர் தொலைவில் நின்று நீண்ட லென்ஸால் எடுத்திருக்கிறார் என்று பொருள். நீங்களும் இருபது முப்பது அடி பின்னால் போய் ஜூம் செய்யுங்கள். புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை, கோட்டை சிறிதாகத் தெரிகிறதே என்று அதை நோக்கி நடப்பது; நெருங்க நெருங்க முன்னால் இருப்பது மட்டும் பெரிதாகி, படம் இன்னும் விலகிப் போகும். ஜூமைத் தொடுவது எப்போதும் கடைசி வேலையாக இருக்கட்டும். பின்னால் நகரும்போது திரும்பிப் பார்த்து நகருங்கள். கொத்தளத்தின் விளிம்பில் எல்லா இடத்திலும் தடுப்பு இருக்காது.

இந்த மூன்றும் பொருந்துகிற இடத்தில் ஒரு கூழாங்கல்லை வையுங்கள். உடன் வந்தவரை நடிகர் நின்ற இடத்துக்கு அனுப்பி, உங்கள் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் பெயர் எழுதும் வேலை வேண்டாம்.

ஆறாம் படி: அடுத்த இடம்

பேக்கலில் கைவந்த முறையை மதுரையில் சோதித்துப் பாருங்கள். 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலில் தொடுவானம் கிடையாது. தூண்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் எந்தத் தூணுக்கு அருகில் நிற்கிறோம் என்பதே குழம்பும். அங்கே முற்றத்தின் ஒரு மூலை தெரியும் ஃபிரேமைத் தேர்ந்தெடுத்து, அந்த மூலையிலிருந்து தூண்களை எண்ண வேண்டும். வளைவுகளின் மேலுள்ள சுதை வேலைப்பாடுகளையும் கவனியுங்கள். மாலையில் ஒலி ஒளிக் காட்சி நடப்பதால் முற்றத்தில் நாற்காலிகள் இருக்கக்கூடும். காலையில் திறந்தவுடன் உள்ளே போய்விடுவது நல்லது.

தனியார் வீடுகளில் எடுக்கப்பட்ட படங்களுக்கு மட்டும் இந்த வரிசை மாறும். பொள்ளாச்சிப் பக்கமோ செட்டிநாட்டுப் பக்கமோ ஒரு வீட்டைத் தேடிப் போகிறீர்கள் என்றால், கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, முதலில் வாசலில் நின்று அனுமதி கேளுங்கள்; வீட்டில் விசேஷம், துக்கம் என்று எதுவும் நடந்துகொண்டிருக்கலாம். மறுத்தால் தெருவிலிருந்து தெரியும் முகப்பை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.