படுக்கையருகே பாடம்: பொது மருத்துவ வார்டில் இளம் மருத்துவர்களைப் பயிற்றுவிக்கும் முறை

சேலத்தில் பொது மருத்துவ வார்டுக்கு வரும் ஹவுஸ் சர்ஜனுக்கு (எம்.பி.பி.எஸ். தேர்வுகளை முடித்துப் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு), கற்பதற்கு நோயாளிகள் இல்லை என்ற குறையே வராது. சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களிலிருந்து பாம்புக்கடியும், சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பூச்சிமருந்து விஷமும், நகருக்குள்ளிருந்து சர்க்கரை நோயும் மாரடைப்பும் ஒரே அட்மிஷன் நாளில் வந்து சேரும். அவருக்குக் கிடைக்காமல் போவது, அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் ஒரு மூத்த மருத்துவர்தான். 2019-இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் திறன் அடிப்படையிலானதாக மாற்றப்பட்ட பிறகு, மாணவர் செய்து காட்டிய திறன்களுக்கு லாக் புக் என்ற பயிற்சிப் பதிவேட்டில் ஆசிரியர் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்திடாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். கீழே சொல்பவை அதற்கான வழிகள்.

ரவுண்ட்ஸ் தொடங்குவதற்கு முன்பே, அன்று கற்பிப்பதற்கென ஒன்றிரண்டு நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படுக்கையிலும் பாடம் நடத்தினால் சிகிச்சையும் தாமதமாகும், பாடமும் மனதில் தங்காது. தேர்ந்தெடுத்தவரிடம் நீங்களே போய், "அம்மா, இந்தப் பிள்ளைங்க உங்களைப் பரிசோதிச்சுக் கத்துக்கட்டுங்களா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், மனம் கோணாமல் அடுத்தவரிடம் செல்லுங்கள். திரையை இழுத்துவிட்டு, நான்கைந்து பேருக்கு மேல் கட்டிலைச் சூழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோயாளியின் பேச்சைப் புரிந்துகொள்வதைத் தனிப் பாடமாகவே நடத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆங்கிலப் புத்தகங்களோடு ஆண்டுக்கணக்கில் பழகிய மாணவர், பெரியவர் ஒருவர் "மயக்கமா வருதுங்க" என்று சொன்ன உடனேயே கேஸ் ஷீட்டில் 'சிங்கோபி' (சிறிது நேரம் நினைவு தப்புவது) என்று எழுதிவிடுகிறார். தலை சுற்றியதா, கண் இருட்டியதா, நினைவே தப்பியதா, சாப்பிடாததால் வந்த வெறும் அசதியா என்று கேட்ட பிறகுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடைக்கும். "வாய்வுப் பிடிப்பு" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டே வருபவருக்கு அது மாரடைப்பாகவும் இருக்கலாம் என்பதால், வேறு எதையும் பேசுமுன் ஈசிஜி எடுக்கப் பழக்குங்கள். இன்னொரு சொல் 'உப்பு'. ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியிருப்பதை நாமே நோயாளியிடம் "உப்பு ஏறியிருக்கு" என்று சொல்லி அனுப்புகிறோம். அவர் குழம்பில் உப்பைக் குறைத்தால் போதும் என்று நம்பி, மாத்திரையை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க வாங்கத் திரும்பி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே, கேஸ் ஷீட்டின் முதல் இரண்டு வரிகளை நோயாளி சொன்ன சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். மருத்துவச் சொல்லை மூன்றாவது வரியிலிருந்து எழுதட்டும்.

கைச்செயல்களைப் பொறுத்தவரை, மிக எளிதாகத் தோன்றுபவற்றையே நிறுத்தி நிதானமாகக் கற்பியுங்கள். பாம்புக்கடிக்குச் செய்யும் 20 நிமிட ரத்த உறைவுப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. சிரை ரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்துவிட்டு, ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால், விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்று பொருள். ரத்தம் உறைவதைத் தூண்டுவது கண்ணாடியின் பரப்புதான் என்பதால், பிளாஸ்டிக் குழாயோ சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயோ நல்ல ரத்தத்தையும் உறையாதது போலக் காட்டிவிடும். நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, இதை யாரும் எனக்குச் சொல்லித்தராத ஓர் இரவில், கழுவி வைத்திருந்த குழாயில் ரத்தம் எடுத்து, இடையிடையே ஆட்டியும் பார்த்து, உறையவில்லை என்று முடிவு செய்து விஷமுறிவு மருந்தைத் தொடங்கினேன். பத்து நிமிடத்தில் நோயாளிக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு இரைத்தது. மருந்தை நிறுத்தி, 0.5 மி.கி. அட்ரினலினைத் தொடைத் தசையில் போட்ட பிறகு அவர் தேறினார். புதிய குழாயில் மறுபடி எடுத்த ரத்தம் கெட்டியாக உறைந்து நின்றது. அன்று முதல், எந்த மாணவரும் இந்தப் பரிசோதனையை முதன்முறை செய்யும்போது அந்த 20 நிமிடமும் நான் உடனிருக்கிறேன்.

காத்திருக்கும் அந்த நேரத்திலேயே அடுத்த பாடத்தைத் தொடங்கிவிடலாம். கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ தெரியாமலே போகலாம். தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருவார். அவரை மேலே பார்க்கச் சொல்லி இமை இறங்குகிறதா என்று கவனிக்கவும், ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி எந்த எண்ணில் நிற்கிறார் என்று நேரத்தோடு குறிக்கவும் மாணவரைப் பழக்குங்கள். முதலில் 25 வரை எண்ணியவர் அரை மணி நேரம் கழித்து 14-இல் நின்றால், மூச்சுத் தசைகள் தளர்வதை அந்த எண் முன்கூட்டியே சொல்லிவிடும். மூச்சு வேகத்தையும் அப்படியே ஒரு முழு நிமிடம் எண்ண வைக்க வேண்டும்.

நேரமே இல்லாத நாட்களுக்கு, 1992-இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் சிலர் வெளியிட்ட ஐந்து படி முறை பெரிதும் உதவும். மாணவர் நோயாளியின் கதையைச் சொன்னதும், "உங்கள் முடிவு என்ன?" என்று கேட்டு அவரை ஒரு முடிவைச் சொல்ல வையுங்கள், "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள், பொதுவான ஒரு விதியைக் கற்பியுங்கள், சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள், தவறியதைத் திருத்துங்கள். இவற்றில் நாம் அதிகம் தவறவிடுவது முதல் படியைத்தான், ஏனென்றால் மாணவர் வாய் திறப்பதற்குள் விடையை நாமே சொல்லிவிடுகிறோம். கேட்ட பிறகு பத்து விநாடி பொறுத்திருங்கள். தவறைத் திருத்துவதை நோயாளியின் எதிரில் செய்யாமல், டியூட்டி அறையில் தனியாகச் செய்யுங்கள். மருந்தளவு போன்ற உடனடி ஆபத்துள்ள தவறை மட்டும் அங்கேயே, குரலை உயர்த்தாமல் நிறுத்துங்கள்.

டிஸ்சார்ஜ் எழுதுவதையும் உடன் அமர்ந்து கற்பியுங்கள். ஏற்காட்டுக்கு மேலே உள்ள மலைக் கிராமத்துக்குத் திரும்பும் பாட்டிக்கு, இன்சுலினை வைக்க வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர் யார் என்று கேட்காமல் எழுதும் சீட்டு பயன்படாது. எழுதி முடித்ததும், அவர் புரிந்துகொண்டதை அவர் வாயாலேயே சொல்லக் கேட்க மாணவரிடம் சொல்லுங்கள்.

இறுதியாக இரவுப் பணி. எந்த நேரமானாலும் உங்களை அழைக்க வேண்டிய நிலைகளை எழுதி வார்டில் ஒட்டுங்கள்: மூச்சு வேகம் 30-ஐத் தாண்டினால், மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போனால், இமை இறங்கினால், சிறுநீர் குறைந்தால், நினைவு மங்கினால், ஸ்டாஃப் நர்ஸோ உடனிருப்பவரோ "முன்ன மாதிரி இல்லைங்க" என்று சொன்னால். நள்ளிரவில் அழைப்பு வந்தால் முதல் சொல்லாக "சொல்லுங்க டாக்டர்" என்று கனிவாகக் கேளுங்கள். இதற்கெல்லாமா கூப்பிடுவது என்று ஒருமுறை கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர் விடியும்வரை தயங்குவார், அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பவர் நோயாளி. மறுநாள் காலை ரவுண்ட்ஸை, அவர் அழைத்த அந்தப் படுக்கையிலிருந்தே தொடங்குங்கள்.