வெளிநாட்டுப் பயனருக்கு நேரம் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையதளத்துக்கு நிரல் எழுதப் புதிதாக வருகிறவர்கள், நேரம் காட்டும் பகுதியை எட்டியதும், முன்பு நாங்கள் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குவதை இப்போதும் பார்க்கிறேன். சர்வரில் யுடிசியில் (உலகம் முழுக்கப் பொதுவான அடிப்படை நேரம்) சேமித்து, காட்டும்போது உள்ளூர் நேரத்துக்கு மாற்ற வேண்டும் என்பதை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

நேர மண்டலத்துக்குப் பதிலாக மணிக்கணக்கைச் சேமிப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். பயனர் பதிவு செய்யும் நாளில், யுடிசியிலிருந்து அவர் எவ்வளவு தள்ளியிருக்கிறார் என்று பிரவுசரைக் கேட்டு, '-5:00' என்று டேட்டாபேஸில் எழுதிவிடுகிறார்கள். இந்தியாவில் உட்கார்ந்து சோதிப்பவருக்கு இதில் பிழையே தென்படாது. நமக்கு ஆண்டு முழுவதும் +5:30 தான். டொராண்டோவிலோ மார்ச் இரண்டாம் ஞாயிறன்று டேலைட் சேவிங் (கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் முறை) தொடங்கி -4:00 ஆகிறது. நவம்பர் முதல் ஞாயிறன்றுதான் -5:00 திரும்புகிறது.

கர்நாடக இசை வகுப்பு நடத்தும் ஒரு தளம் இந்தக் கோளாறோடு எங்களிடம் வந்தது. சென்னையில் சனிக்கிழமை காலை 6:30க்கு நடக்கும் வகுப்பு, ஜனவரியில் சேர்ந்த டொராண்டோ மாணவர்களுக்கு வெள்ளி இரவு 8:00. மார்ச்சில் கடிகாரம் மாறிய பிறகும் தளம் 8:00 என்றே காட்டியது. பிள்ளைகள் சுருதிப்பெட்டியைப் போட்டுக் காத்திருந்து எழுந்துபோன பிறகு, அங்கே மணி 9:00 ஆகும்போது ஆசிரியர் உள்ளே வந்தார்; வருகைப் பதிவில் 'வரவில்லை' என்று விழுந்து, அந்த வகுப்புக்கான கட்டணமும் கழிந்தது. இதைச் சரிசெய்ய முயன்றவர், வெளிநாட்டு மாணவர் அனைவரின் கணக்கிலும் கையால் ஒரு மணி நேரத்தைக் கூட்டினார். லண்டனில் கடிகாரம் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறன்றுதான் என்பதால், அதுவரை சரியாக வந்துகொண்டிருந்த லண்டன் பிள்ளைகளும் குழம்பினார்கள்.

சேமிக்க வேண்டியது 'America/Toronto' என்ற வடிவில் அமைந்த மண்டலப் பெயரை; ஐஏஎன்ஏ என்ற இணைய அமைப்பு பராமரிக்கும் பட்டியலில் இருப்பது அது. கடிகாரம் எந்த நாளில் எவ்வளவு நகரும் என்ற வரலாறு அந்தப் பெயரோடு சேர்ந்தே வருகிறது. வருங்கால வகுப்புகளுக்கு, யுடிசியை மட்டும் வைக்காமல், உள்ளூர் நேரத்தையும் மண்டலத்தையும் சேர்த்து வையுங்கள். மெக்சிகோ 2022இல் நாட்டின் பெரும்பகுதியில் டேலைட் சேவிங்கைக் கைவிட்டது, எகிப்து 2023இல் அதை மீண்டும் கொண்டுவந்தது, இலங்கை 2006இல் +6:00இலிருந்து +5:30க்கு வந்தது. அரசு விதியை மாற்றினால், முன்பே கணக்கிட்டு வைத்த யுடிசி பொய்யாகிவிடும். வாராந்தர வகுப்பு யாருடைய கடிகாரத்தைப் பின்பற்றும் என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். அது ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி. நிரலாளர் தாமாக முடிவெடுக்கக் கூடாது.

ஐபி முகவரியை வைத்து மண்டலத்தை ஊகிப்பது

வேண்டாம். பிரவுசரைக் கேட்டால் அதுவே சொல்லும்.

மூன்றெழுத்துச் சுருக்கம்

ஐஎஸ்டி என்று போட்டால் இந்தியா, அயர்லாந்து, இஸ்ரேல் மூன்றும் பொருந்தும். 'சென்னை நேரம்' என்று எழுதுங்கள்.

நேரமில்லாத தேதியை மாற்றுவது

பிறந்தநாளையும் தேர்வு நாளையும் '2025-06-14' என்று வாங்கி ஜாவாஸ்கிரிப்டின் டேட்டிடம் கொடுத்தால், அது யுடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். நியூயார்க்கில் பார்ப்பவருக்கு ஜூன் 13 தெரியும். அத்தகைய தேதிக்கு மண்டலமே கிடையாது, வந்தபடியே காட்டுங்கள்.

அரை மணியோடு நிறுத்திக்கொள்வது

நம் ஊர்க்காரர்கள் அரை மணியை மறப்பதில்லை. நேபாளத்தின் +5:45ஐ மறந்துவிடுகிறார்கள்.

சென்னையிலிருந்து மட்டும் சோதிப்பது

குரோமின் டெவ்டூல்ஸில், சென்சார்ஸ் பகுதியில் இடத்தை மாற்றினால் மண்டலமும் மாறும். நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் ஒரே நிகழ்ச்சியை 2025 மார்ச் 15 அன்று போட்டுப் பாருங்கள். இடைவெளி வழக்கமான 5 மணி நேரமாக வந்தால் நிரல் தவறு, 4 ஆக வர வேண்டும்.