விபத்துக்குப் பிறகு அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

எங்கள் தெருவில் அரசு வண்டி ஓட்டிய அண்ணன் ஒருவருக்கு விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. விடுப்பு முடிந்து அலுவலகம் போனவரிடம், விருப்ப ஓய்வுக் கடிதத்தைத் தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தார்கள். "எழுதிக் குடுத்துட்டா பணம் சீக்கிரம் வந்துடும்ணே" என்றார் கூட வேலை பார்த்தவர். நல்ல மனதோடு சொன்னதுதான். அண்ணனும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் பார்த்த தவறுகளிலேயே பெரிய இழப்பைத் தருவது இதுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் பிரிவு 20(4) என்ன சொல்கிறது? பணியில் இருக்கும்போது உடற்குறை ஏற்பட்ட அரசு ஊழியரை வேலையை விட்டு அனுப்பவும் கூடாது, பதவியிறக்கவும் கூடாது. பழைய வேலை முடியாதென்றால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லையா? இடம் கிடைக்கும்வரை, அல்லது ஓய்வு வயதுவரை, அவருக்காகவே கூடுதலாக உருவாக்கும் உபரிப் பணியிடத்தில் வைத்துக்கொள்ளலாம். அரசு நடத்தும் கழகங்களுக்கும் இது பொருந்தும். ஆகவே கையெழுத்துப் போடாமல், இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மாற்றுப்பணி கேட்டு மனு கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போக அந்த நகல்தான் ஆதாரம்.

அடுத்தது, "உடற்குறை 40 சதவீதம் இல்லையே, எனக்கு ஒன்றும் கிடைக்காது" என்று ஒதுங்கிவிடுவது. 40 சதவீதம் என்பது இடஒதுக்கீட்டுக்கான அளவு. பாகுபாடு காட்டக்கூடாது, தேவையான வசதி செய்து தர வேண்டும் என்பதற்கெல்லாம் அந்த வரம்பு கிடையாது. எழுதும்போது கைத்தசை இறுகிக்கொள்ளும் குறைபாட்டால் எழுத முடியாத ஒருவர், 40 சதவீதச் சான்று இல்லாமலே, தேர்வில் சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளும் உரிமையை 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் பெற்றார்.

பிசி, எஸ்சி பிரிவு மாற்றுத்திறனாளி இளைஞர்கள் பலர் "சாதி ஒதுக்கீடு, மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம்" என்று நினைத்து, விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதம் கிடைமட்ட ஒதுக்கீடு. சாதி ஒதுக்கீட்டுக்குள் குறுக்காக ஓடுவது. இரண்டையும் நிரப்புங்கள்.

அலுவலகங்கள் செய்யும் தவறும் உண்டு. தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்று மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இடத்தை அதே ஆண்டில் பிறருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போதும் ஆள் இல்லையென்றால், பார்வை, செவி, உடலியக்கம் உள்ளிட்ட, சட்டம் வகுத்த ஐந்து பிரிவுகளுக்குள் மாற்றிப் பார்க்க வேண்டும். அதன் பிறகே மற்றவர்களுக்கு.

தனியார் நிறுவனங்களுக்கு ஒதுக்கீடு கட்டாயமில்லைதான். அதனால் சட்டமே தங்களைத் தொடாது என்று முதலாளிகள் எண்ணுவது தவறு. சம வாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியிடங்களின் பட்டியலும், அவர்களுக்கான தொடர்பு அலுவலர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

கொள்கையை இணையதளத்தில் போட்டுவிட்டு, விண்ணப்பப் படிவத்தின் கடைசியில் "படத்தில் உள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்க" என்று வைக்கிறார்கள். பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் படத்தை வாசிக்காது. பார்வையற்ற பட்டதாரி ஒருவர் எல்லா விவரத்தையும் தானே நிரப்பிவிட்டு, அந்த ஐந்து எழுத்துக்காகப் பக்கத்து வீட்டுப் பையன் பள்ளி விட்டு வரும்வரை உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்குள் பக்கம் காலாவதியாகிவிட்டது.