கருவிலிருக்கும் பெருநட்சத்திரத்தைக் கொழும்பிலிருந்து பார்க்க

சூரியனைவிட எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள நட்சத்திரம் அடர்ந்த தூசிக்குள்ளேயே உருவாகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி அந்தத் தூசியைத் தாண்டாது. வெள்ளவத்தை மேல்மாடியில் எவ்வளவு பெரிய தொலைநோக்கியை நிறுத்தினாலும் பயனில்லை. மில்லிமீட்டர் அலை தாண்டும். அதைப் பிடிப்பது சிலியில் 5000 மீட்டர் உயரத்தில், 66 அன்டெனாக்களோடு இயங்கும் அல்மா (ALMA) என்ற வானொலித் தொலைநோக்கி. அதன் தரவுகள் வழக்கமாக ஓராண்டில் எல்லோருக்கும் திறந்துவிடப்படும்.

அல்மாவின் இணையக் காப்பகத்தில் 'ஏஎஃப்ஜிஎல் 4176' (AFGL 4176) என்று தேடுங்கள். உருவாகிக்கொண்டிருக்கும் பெருநட்சத்திரம் இது. 2015இல் இதைச் சுற்றி 2000 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம் ஓர் அலகு) ஆரமுள்ள, சுழலும் வாயு-தூசி வட்டு இருப்பதாக அறிவித்தார்கள். பிரிதிறனை, அதாவது படத்தில் பிரித்தறியக்கூடிய மிகச்சிறிய அளவை, முதலில் பாருங்கள்: வில்செக்கனைப் பார்செக் தூரத்தால் பெருக்கினால் வானியல் அலகு வரும். தூரம் 4200 பார்செக். 0.3 வில்செக்கன் என்றால் 1260. 1 வில்செக்கன் என்றால் முழு வட்டும் ஒரே புள்ளிதான்.

மூலத் தரவைத் தொடாதீர்கள், டேட்டா பெக்கேஜ் தாங்காது. 239 கிகாஹேர்ட்ஸை உள்ளடக்கிய ஃபிட்ஸ் (FITS) கியூப் போதும்; ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒரு படம் என அடுக்கிய ஆயத்தக் கோப்பு அது. பழைய அவதானிப்புகளில் ஆயத்தக் கோப்புகள் குறைவு. இல்லாவிட்டால் இதே நட்சத்திரத்தின் அடுத்த அவதானிப்பைப் பாருங்கள்.

கோப்பை 'கார்ட்டா' (CARTA) மென்பொருளில் திறந்து (இலவசம்தான்) மையத்தின் நிறமாலையை எடுங்கள். வட்டின் வாயுவிலுள்ள மீதைல் சயனைடு மூலக்கூறு சுழற்சிநிலை 13இலிருந்து 12க்கு இறங்கும்போது விடும் கோடுகள் ஏணிப்படி போல நிற்கும்; படிகளுக்குக் கே=0, 1, 2, 3 என்று பெயர். கே=0, கே=1 இரண்டும் செக்கனுக்கு 6 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றோடொன்று கலந்துவிடும்; அவற்றை வைத்து, வாயு எங்கே எந்த வேகத்தில் நகர்கிறது என்று காட்டும் வேகப்படம் போட்டால் குப்பைதான். கே=3 நல்லது: 239.096 கிகாஹேர்ட்ஸ்.

சறுக்குவது இங்கேதான். இந்த மண்டலம் செக்கனுக்கு ஏறத்தாழ 53 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. அதனால் எல்லாக் கோடுகளும் 42 மெகாஹேர்ட்ஸ் மேலே நகர்ந்து, கே=3 சரியாகக் கே=0 இருக்கவேண்டிய 239.138இல் போய் உட்காரும். எண்ணை நம்பினால் ஏமாந்துவிடுவீர்கள். கே=0இலிருந்து இடைவெளிகள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் விரியும்; அதை வைத்தே கோட்டை அடையாளம் காணுங்கள்.

கோடு உறுதியானதும் 239.096ஐ ஓய்வு அதிர்வெண்ணாக (நகராத வாயுவில் கோடு இருக்கும் இடம்) கொடுத்து முதலாம் மொமென்ட் படம், அதாவது ஒவ்வொரு புள்ளியின் சராசரி வேகப்படம், எடுங்கள். ஒருபுறம் நீலம் (நம்மை நோக்கி), மறுபுறம் சிவப்பு (விலகி) வந்தவுடன் வட்டு என்று துள்ளவேண்டாம். வெளியே பாயும் வாயுவும் அப்படியே காட்டும். பாய்ச்சலின் திசையைக் கார்பன் மொனொக்சைட்டில் கண்டு, அதற்குச் செங்குத்தான கோட்டில், மையத்திலிருந்து தூரம் கூடக்கூட வேகம் எப்படி மாறுகிறது என்று காட்டும் இடம்–வேக வரைபடம் வெட்டுங்கள். வேகம் தூரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகக் குறைந்தால் கெப்லர் சுழற்சி: சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல வட்டு சுழல்கிறது. தூரத்துக்கே நேர்மாறாகக் குறைந்தால் வாயு இன்னும் உள்ளே விழுந்துகொண்டிருக்கிறது. வெறும் நேர்கோடாக வந்தால் பிரிதிறன் போதவில்லை.