என்ஜின்எக்ஸில் கோரிக்கை வரம்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் எங்கள் குழுவில் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்காக எழுதிய கான்ஃபிக் கோப்பைச் சரிபார்த்தபோது, சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழை அதில் வரி பிசகாமல் இருந்தது. அரைப்புள்ளி விடுபட்டால் சர்வரே சுட்டிக்காட்டிவிடும். அது வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்ளும் தவறுகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

யாருடைய ஐபி என்று பார்க்காமல் வரம்பு கட்டுவது

ஒரு கல்லூரியின் தேர்வு முடிவுத் தளத்தில், ஐபி முகவரி ஒன்றுக்கு நொடிக்கு 10 கோரிக்கைகள் என்று வரம்பு வைத்திருந்தேன். சர்வருக்கு முன்னால், கோரிக்கைகளை வாங்கிப் பிரித்து அனுப்பும் ஒரு லோட் பேலன்சர் இருந்தது. மாணவர்களின் கோரிக்கைகள் எல்லாம் அதன் வழியாகவே வந்ததால், என்ஜின்எக்ஸின் கணக்கில் அத்தனை பேரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். முடிவு வெளியான சில நிமிடங்களில் எல்லோருக்கும் 503 (சேவை கிடைக்கவில்லை) பிழை வரத் தொடங்கியது. யாரோ தாக்குகிறார்கள் என்று எண்ணி வரம்பை 5 ஆகக் குறைத்தேன். இதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. பிறகு லாக்கைத் திறந்தால், வரிக்கு வரி 10.0.1.5 என்ற ஒரே முகவரி. அது எங்கள் லோட் பேலன்சருடையது.

உண்மையான முகவரி, கோரிக்கையோடு சேர்ந்து வரும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற தகவல் வரியில், அதாவது ஹெட்டரில், வரும். ரியல் ஐபி மாட்யூல் அதை எடுத்துத் தரும். இதை அந்த இளைஞரிடம் விளக்கினேன். மறுநாள் அவர் திருத்திக் கொண்டுவந்த கோப்பில், நம்பத் தகுந்த முகவரிகளுக்கான இடத்தில் 0.0.0.0/0 (எல்லா முகவரிகளும்) என்று இருந்தது. “வேலை செய்கிறதே, சார்” என்றார். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். ஊரில் உள்ள எல்லோரையும் நம்பிவிட்டு நம்பிய முகவரிகளைத் தாண்டி வலமிருந்து இடமாகத் தேடிச் செல்லும் ரிகர்சிவ் தேடலையும் இயக்கினால், ஹெட்டரின் இடக்கோடியில் அனுப்பியவரே எழுதிக்கொண்ட முகவரி உண்மையானதாக எடுத்துக்கொள்ளப்படும். கோரிக்கைக்கு ஒரு பொய் முகவரி எழுதி அனுப்புபவருக்கு வரம்பே கிடையாது. லோட் பேலன்சரின் முகவரியை மட்டுமே அங்கே எழுத வேண்டும்.

பர்ஸ்ட் தராமல் விடுவது

நொடிக்கு 10 என்பதை என்ஜின்எக்ஸ் 100 மில்லிநொடிக்கு ஒன்று என்றே கணக்கிடும். ஒரு பக்கத்தைத் திறந்தவுடன் படம், ஸ்கிரிப்ட் என்று பிரவுசர் ஒரே மூச்சில் கேட்கும் இருபது கோரிக்கைகளில் பெரும்பாலானவை, வரம்பை மீறியும் ஏற்கும் கூடுதல் எண்ணிக்கையான பர்ஸ்ட் இல்லாவிட்டால் மறுக்கப்படும். பர்ஸ்ட் 20 என்று கொடுத்து அவற்றைக் காக்கவைக்காமல் உடனே அனுப்பும் நோடிலேயைச் சேர்க்காவிட்டால், வரிசை நிரம்பும்போது கடைசியில் நிற்கும் கோரிக்கை ஏறக்குறைய 2 நொடி காத்துக் கிடக்கும்.

503ஐ அப்படியே விடுவது

வரம்பு மீறியவருக்குப் போகும் அந்தக் குறியீட்டை 429 (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்) என்று மாற்றுங்கள். 2012இல் வெளியான இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 6585 அதை இதற்காகவே வகுத்தது.

ஒத்திகை பார்க்காமல் இயக்குவது

1.17.1 பதிப்பிலிருந்து டிரை ரன் வசதி இருக்கிறது. எதையும் தடுக்காமல், வரம்பு மீறிய கோரிக்கைகளை லாக்கில் மட்டும் குறித்து வைக்கும். அந்த இளைஞரின் கோப்பு ஒரு வாரமாக அப்படித்தான் ஓடுகிறது. இன்று காலை பார்த்த லாக்கில் 10.0.1.5 ஓரிடத்திலும் இல்லை.