பிள்ளைகளோடு புதுச்சேரியில் இரண்டு நாள்: பாரதி வீடும் ஒரு ராத்திரிக் கூத்தும்

பிள்ளைகளுக்கு நாடகத்தையும் இலக்கியத்தையும் அறிமுகப்படுத்த ஒரு சனி ஞாயிறு கிடைத்தால் புதுச்சேரிக்குப் போங்கள், ஆனால் பத்து இடம் பார்க்கும் திட்டத்தோடு போகாதீர்கள். ஒரே ஒரு கதையை எடுத்துக்கொண்டு போங்கள். நான் சொல்வது பாஞ்சாலியின் கதை. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார், பாஞ்சாலி சபதத்தை எழுதியது அந்தக் காலத்தில்தான், முதல் பாகம் 1912-இல் வெளிவந்தது. அதே கதையைப் புதுச்சேரியைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் இன்றைக்கும் விடிய விடியக் கூத்தாக ஆடுகிறார்கள். பகலில் கவிஞர் வாழ்ந்த வீடு, ராத்திரி கூத்து. ஒரே கதையை இரண்டு விதமாகச் சந்திக்கிற பிள்ளைக்கு இலக்கியம் என்றால் என்ன, நாடகம் என்றால் என்ன என்று நாம் தனியாக விளக்கவே வேண்டியதில்லை.

தேதியைக் கூத்தை வைத்து முடிவு செய்யுங்கள், அறை பதிவு செய்வதெல்லாம் அதற்கப்புறம். பங்குனியிலிருந்து ஆடி வரை நல்ல காலம், கோடை விடுமுறையும் நடுவில் வந்துவிடும். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி பக்கத்துக் கிராமங்களில் விசாரியுங்கள், அந்தப் பக்கம் சொந்தக்காரர்களோ நண்பர்களோ இருந்தால் இன்னும் நல்லது. திருவிழா நோட்டீஸில் எந்த ராத்திரி எந்தக் கூத்து என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். பகடை துகில், துகிலுரிதல் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அந்த ராத்திரிதான் நமக்கு வேண்டும். அது அமையவில்லையா, அர்ஜுனன் தபசோ கர்ண மோட்சமோ பார்க்கலாம், தவறே இல்லை. கூத்தே அமையாத மாதம் என்றால் ஆரோவில் பக்கம் ஆதிசக்தி நாடகக் குழுவினரின் இடத்திலோ, புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளியிலோ நாடகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் வீட்டில் பாஞ்சாலி சபதத்தை வாய்விட்டு வாசியுங்கள். முழுவதும் வேண்டாம். எளிய பதங்கள், எளிய நடை, எளிதில் அறியக்கூடிய சந்தம் என்று பாரதியே முன்னுரையில் சொல்லித்தான் எழுதினார், அதனால் அருஞ்சொல் விளக்கம் சொல்லிக்கொண்டு உட்காராமல் ஓசைக்காகவே வாசிக்கலாம். சூதாட்டச் சருக்கத்தில் ஆரம்பித்து, பீமன் கொதித்து எழுந்து 'இது பொறுப்பதில்லை தம்பி' என்று சொல்லும் இடத்தை ஒரு நாளும், பாஞ்சாலி சபதம் போடும் இடத்தை இன்னொரு நாளும் வைத்துக்கொள்ளுங்கள். பீமனைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள், அந்த வரியைக் கத்திச் சொல்ல எந்தப் பிள்ளையும் கூச்சப்படாது.

சனிக்கிழமை காலையில் நேராக ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் இருக்கும் பாரதியார் நினைவு இல்லத்துக்குப் போங்கள். திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சட்டம் போட்ட படங்களையும் குறிப்புகளையும் ஒன்று விடாமல் வாசிக்கச் சொல்லாதீர்கள், பிள்ளைகளுக்கு ஆர்வம் செத்துப்போவது அங்கேதான். வீட்டின் நடுவில் நின்று, இங்கிலீஷ்காரன் பிடிக்க முடியாத பிரெஞ்சு ஊருக்கு வந்து ஒருத்தர் பத்து வருஷம் இருந்தார், வெளியே வேவு பார்க்க ஆள் நின்றது, கையில் பணம் இல்லை, ஆனாலும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் வந்தன என்று கதையாகச் சொல்லுங்கள். திரௌபதி மானம் இழந்து நின்றதை அடிமைப்பட்ட நாட்டின் நிலையாக அவர் நினைத்து எழுதினார் என்பதைப் பத்து வயதுப் பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் போதும். அப்புறம் பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த வீடு. பிசிராந்தையார் என்ற நாடகத்துக்குத்தான் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, அதுவும் 1964-இல் அவர் இறந்து சில வருஷம் கழித்து. நேரில் பார்த்துக்கொள்ளாமலே நட்பாக இருந்த புலவரும் அரசனும் என்று கதையைச் சொன்னால் பிள்ளைகள் நிறையக் கேள்வி கேட்பார்கள்.

மத்தியானம் கட்டாயம் தூங்க வையுங்கள். கடற்கரை, ஐஸ்கிரீம் என்று சுற்றினால் ராத்திரி முதல் பாட்டுக்கே சுருண்டுவிடுவார்கள்.

கூத்து பெரும்பாலும் பத்து மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கும், ஆனால் நீங்கள் இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள், ஏனென்றால் வேஷம் போடுவதைப் பார்ப்பது கூத்தில் பாதி. கலைஞர்கள் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு தாங்களே அரிதாரம் பூசிக்கொள்வார்கள், தோளில் கட்டும் புஜக்கீர்த்தியும் கிரீடமும் ஏற ஏற எதிரில் பேசிக்கொண்டிருந்த மாமா துரியோதனனாக மாறுவதைப் பிள்ளை கண்ணால் பார்க்கலாம். கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியாரிடம் அனுமதி கேட்டுவிட்டு ஓரமாக உட்காருங்கள், பிளாஷ் அடித்துப் படம் எடுக்க வேண்டாம்.

பாய், போர்வை, தண்ணீர், ஒரு டார்ச், அவ்வளவுதான் சாமான். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் உட்காராதீர்கள். முதலில் கோமாளியாகக் கூத்தைத் தொடங்கி வைக்கும் கட்டியங்காரன் வருவான், அப்புறம் இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் நின்று பாடிக்கொண்டே ராஜா வேஷம் நுழையும். மத்தளமும், ஊதுகிற குழலான முகவீணையும் சேர்ந்து வாசிக்க, திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரிகிற அந்த நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். துகில் உரியும் கட்டம் நடு ராத்திரிக்கும் மேலே, சில ஊரில் விடியற்காலையில்தான் வரும். அதுவரை பாயில் தூங்கட்டும், அந்தக் கட்டம் வரும்போது எழுப்பிவிடுங்கள். ஊர்ப் பிள்ளைகளும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

சில விஷயங்களை முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். திரௌபதியாக ஆடுகிறவர் பெரும்பாலும் ஆண். கட்டியங்காரன் பேச்சில் சில நேரம் பெரியவர்களுக்கான கிண்டல் இருக்கும், பிள்ளை அர்த்தம் கேட்டால் மழுப்பாமல் வயதுக்குத் தகுந்த மாதிரி சொல்லிவிடுங்கள். துகில் கட்டத்தில் கற்பூரம் காட்டுவார்கள், கூட்டத்தில் யாருக்காவது சாமி வரும். அங்கே பார்க்கிறவர்களுக்கு அது வெறும் ஆட்டமில்லை, அம்மனே நிற்கிறாள், அதனால் செருப்போடு களத்துக்குள் நுழையக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். ஏழு வயதுக்குக் கீழே என்றால் ராத்திரிக் கூத்து வேண்டாம் என்பது என் எண்ணம். சின்னப் பிள்ளைகளுக்குத் திருவிழாக் கடைசியில் பகலில் நடக்கும் படுகளம் இருக்கிறது, மண்ணால் பெரிதாகச் செய்து படுக்க வைத்த துரியோதனனைச் சுற்றி பீமனும் துரியோதனனும் ஓடிச் சண்டை போடுவார்கள். ரத்தமாகச் சிவப்பு நீர் தெறிக்கும், பயந்த பிள்ளையை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுந்து கருவடிக்குப்பம் போங்கள். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று சொல்லப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் இறந்தார், அவர் நினைவிடம் இங்கேதான் இருக்கிறது. வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அவர் எழுதியவை. 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய பாலர் சபையில் நடித்ததெல்லாம் சிறுவர்கள், பின்னாளில் பெரிய நாடக நடிகரான டி.கே. சண்முகம் ஏறத்தாழ ஆறு வயதில் சேர்ந்தார். 'உன் வயசுப் பையன் ராத்திரி முழுக்கப் பாடி நடித்தான்' என்று சொல்லிப் பாருங்கள், உட்கார்ந்து கேட்பார்கள். பக்கத்திலேயே சித்தானந்த சுவாமி கோயில், பாரதி வந்து போன இடம், குயில் பாட்டில் வரும் மாஞ்சோலை இந்தப் பக்கம்தான் என்று ஊரில் சொல்வார்கள். பாட்டின் தொடக்க வரிகளை அங்கேயே வாசித்துவிடுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்தை வெளியிலிருந்தாவது காட்டலாம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையை வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு தடவை வைத்துக்கொள்ளுங்கள், நாட்குறிப்பின் ருசி தெரிய கொஞ்சம் வயது வேண்டும்.

திரும்பி வந்ததும் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். ஒரு போர்வையை இரண்டு பேர் திரையாகப் பிடியுங்கள், ஒரு துண்டு, ஒரு தகர டப்பா கொடுங்கள், யார் துரியோதனன் என்பதை அவர்களே சண்டை போட்டு முடிவு செய்துகொள்ளட்டும்.